நடுநிலைப் பள்ளியில் கற்றல் அடைவை உயர்த்த ஓராண்டுத் திட்டம்: தலைமையாசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பு அறிவியல் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவருக்குப் பாடம் விளங்கவில்லையா, வினாவையே வாசிக்க இயலவில்லையா என்பதை மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அறிய முடியாது. முதலாவது குறை என்றால் அறிவியல் ஆசிரியர் பாடத்தை மீண்டும் நடத்தினால் போதும். இரண்டாவது குறை என்றால் அதே பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் பயன் இராது. அந்த மாணவருக்கு வேண்டியது இரண்டாம் வகுப்புக்குரிய வாசிப்புத் திறன். பள்ளிகளில் தீட்டப்படும் மேம்பாட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ‘மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்பு’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுவதால்தான் ஆண்டுதோறும் அதே பெயர்கள் அதே பட்டியலில் இடம்பெறுகின்றன.

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில், ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகளும் ஏறத்தாழ 120 மாணவர்களும் ஆறு ஆசிரியர்களும் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பாடநூல், பயிற்சி நூல், காணொளி, செயலி, திறன் பலகை என்று இத்தகைய பள்ளிகளுக்கு வந்து சேரும் வளங்கள் இன்று குறைவல்ல. அவற்றைப் பயன்படுத்துவதற்குரிய நேரம் கால அட்டவணையில் இருக்கிறதா, அந்த நேரம் எந்தக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது என்ற இரண்டு கேள்விகளையே இனி வரும் படிகள் சுற்றிவருகின்றன.

தொடங்குமுன்: சட்டம் தரும் இடம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளிக்குக் கடமைகளை மட்டுமல்லாமல் அதிகாரத்தையும் தருகிறது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது; உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 22ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் பணி. 24ஆம் பிரிவு ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதல் கற்பித்தல் அளிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஆகவே, பாடத்திட்டத்தை விட்டு விலகி அடிப்படைத் திறனைக் கற்பிப்பது விதிமீறலாகிவிடுமோ என்ற தயக்கம் தேவையில்லை.

நேரத்துக்கும் அச்சட்டத்தின் இணைப்புப் பட்டியலிலேயே கணக்கு உண்டு. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 நாள்களும் 1000 மணி நேரமும் குறைந்தபட்சமாக வகுக்கப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம் 100 நாள்களை அடிப்படைத் திறன்களுக்கென ஒதுக்கினால், தொடக்க வகுப்புகளின் நேரத்தில் எட்டில் ஒரு பங்கும் உயர் தொடக்க வகுப்புகளின் நேரத்தில் பத்தில் ஒரு பங்கும் மட்டுமே அதற்குச் செலவாகும். பாடங்களை முடிக்க நேரம் இராது என்று ஆசிரியர் கூட்டத்தில் எழும் எதிர்ப்புக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதே தக்க விடை.

படி 1: ஜூன் மாதத்தில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அமர்த்தி அறிதல்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் இந்தப் பணி முடிய வேண்டும். எழுத்துத் தேர்வு இதற்கு உதவாது. பக்கத்திலிருப்பவரைப் பார்த்து எழுதும் பழக்கம் உண்மை நிலையை மறைத்துவிடும். பிரதம் என்ற தன்னார்வத் தொண்டு அமைப்பு, ஊரகக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்குத் திறனையும் அறிய 2005 முதல் நடத்திவரும் ஏசர் (ASER) கணக்கெடுப்பின் கருவி எளிமையானது, பள்ளியிலேயே தயாரித்துக்கொள்ளக் கூடியது. வாசிப்பில் எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்று நான்கு படிகள். கணக்கில் ஓரிலக்க எண்ணை அறிதல், ஈரிலக்க எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். ஐந்து எழுத்துகளில் நான்கைச் சரியாகச் சொன்னால் அந்தப் படியைக் கடந்ததாகக் கொள்ளலாம். சொல்லுக்கும் அதே அளவு.

ஒரு குழந்தைக்கு மொழிக்கும் கணக்கிற்கும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 120 குழந்தைகளுக்கு இருபது மணி நேரம் ஆகும். ஆறு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. வகுப்பாசிரியர் தம் வகுப்பைத் தாமே சோதிக்காமல் வேறொரு ஆசிரியர் சோதிப்பது நல்லது. தம் மாணவரிடம் உள்ள பரிவினால் தடுமாறும் குழந்தைக்கு முதலெழுத்தை எடுத்துக் கொடுப்பது இயல்பு. ஆனால் அந்த ஓர் உதவியால் குழந்தை தவறான குழுவுக்குப் போய்விடும்.

நிலையை மட்டும் குறித்தால் போதாது. பிழையையும் குறிக்க வேண்டும். தமிழ் வாசிப்பில் குழந்தைகள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகிய எழுத்துகளில் உயிரொலிக்குரிய குறி மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் ஒலிப்பில் மெய்தான் முதலில் வருகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்பதால், கொம்பைக் கவனித்துத் துணைக்காலை விட்டுவிடும் குழந்தை ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிக்கும். துணைக்காலை மட்டும் கவனிக்கும் குழந்தை ‘காடி’ என்று வாசிக்கும். இந்த இரண்டு குழந்தைகளுக்கும் 216 உயிர்மெய் எழுத்துகளையும் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஒப்பிக்க வைப்பது நேர விரயம். எகர, ஏகார, ஒகர, ஓகார வரிசைச் சொற்களில் இரண்டு வாரப் பயிற்சியே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கக்கூடும். குறில் நெடில் மயக்கம், புள்ளி வைத்த மெய்யை அகரம் சேர்த்து வாசித்தல் ஆகியவற்றுக்கும் இவ்வாறே தனித்தனிக் குறியீடுகளைப் பதிவேட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ல, ள, ழ வேறுபாடு முக்கியமானதே என்றாலும், வாசிக்கவே தெரியாத குழந்தைக்கு அதை முதல் வேலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

கணக்கிலும் பிழைதான் வழிகாட்டி. 503இலிருந்து 268ஐக் கழிக்கச் சொன்னால் சில மாணவர்கள் 365 என்று எழுதுவார்கள். கவனக்குறைவால் நேர்ந்த பிழையாக அது தோன்றினாலும், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்ற விதியை அந்த மாணவர் தாமே வகுத்துக்கொண்டு பிசகாமல் பின்பற்றியிருக்கிறார். அவருக்குக் கழித்தல் பயிற்சித்தாள்களை அடுக்கிக் கொடுத்தால் அந்தத் தவறான விதியே வலுப்படும், தேவை இடமதிப்பு. நூறு, பத்து, ஒன்று என்று குச்சிக் கட்டுகளைக் கையில் கொடுத்து, ஒரு நூறைப் பிரித்துப் பத்துகளாக்கும் வேலையை அவரே செய்தாக வேண்டும்.

படி 2: மூன்று இலக்குகள், அதற்கு மேல் வேண்டாம்

திட்டத்தில் பதினைந்து இலக்குகளை எழுதிய பள்ளி எதையும் எட்டுவதில்லை. ‘மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’ என்பதை இலக்காகக் கொள்ள முடியாது; ‘மூன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் ஜூன் மாதத்தில் கதை நிலைக்குக் கீழே உள்ள 40 மாணவர்களில் 30 பேர் டிசம்பருக்குள் கதை நிலையை எட்டுதல்’ என்று எழுதினால்தான் எட்டினோமா இல்லையா என்று சொல்ல முடியும். மொழியில் ஒன்று, கணக்கில் ஒன்று, வருகையில் ஒன்று என மூன்று போதும்.

படி 3: கால அட்டவணையைத் திருத்துதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுவே. மூன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில், ஒரே மணியில், அடிப்படைத் திறன் வேளை அமைய வேண்டும். ஒரே நேரத்தில் அமைந்தால்தான் ஐந்தாம் வகுப்பு மாணவரும் ஏழாம் வகுப்பு மாணவரும் தம் நிலைக்குரிய குழுவுக்குச் செல்ல முடியும். ஆசிரியர்களையும் குழுவுக்கு ஒருவராகப் பிரிக்க முடியும்.

வயதையும் வகுப்பையும் விட்டுக் கற்றல் நிலையைக் கொண்டு குழந்தைகளைப் பிரிக்கும் இந்த முறையைப் பிரதம் அமைப்பு உருவாக்க, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் பல மாநிலங்களில் ஆய்ந்தனர். 2019ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவர்கள் இருவர். அந்த ஆய்வுகளில் வெற்றியைவிடத் தோல்வியே நமக்குக் கூடுதலாகக் கற்றுத்தருகிறது. பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் துணைக்கருவிகளும் கொடுத்து அத்துடன் விட்டபோது குழந்தைகளின் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. ஹரியாணாவில் 2012–13இல் அதே முறைக்கென்று நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டு, குழந்தைகள் நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, வட்டார அளவிலான மேற்பார்வையும் கிடைத்தபோது மொழித்திறன் உயர்ந்தது. பயிற்சியும் பெட்டி நிறையக் கருவிகளும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் பழக்கத்தை இந்த ஒப்பீடு கேள்விக்குள்ளாக்குகிறது.

அந்த வேளை முற்பகலில் அமைவது நல்லது. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளை நேரத்தோடு பள்ளிக்கு வரச் செய்திருக்கும் ஊர்களில், முதல் பாடவேளையே பொருத்தமானது. அதற்காக எந்தப் பாடவேளையைக் குறைப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை: விளையாட்டையும் ஓவியத்தையும் எடுத்துவிடக் கூடாது. மொழி, கணக்குப் பாடவேளைகளிலிருந்தே பெரும்பகுதியை எடுக்கலாம். வாசிக்க இயலாத குழந்தைக்கு அந்த வேளைகள் ஏற்கெனவே பயனற்றுப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் 2022 ஜூனில் தொடங்கி, பின்னர் நான்கு, ஐந்துக்கும் விரிந்த, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளை வகுத்துத் தந்திருக்கிறது. தொடக்க வகுப்புகளில் அந்தக் குழுக்களையும் பயிற்சி நூல்களையும் அப்படியே பயன்படுத்தலாம். வேறொரு வகைப்பாட்டைப் புகுத்தி ஆசிரியரைக் குழப்ப வேண்டியதில்லை. சிக்கல் ஆறாம் வகுப்புக்கு மேலேதான். அங்கே பாட ஆசிரியர்கள் தம்மை வாசிக்கக் கற்பிப்பவர்களாக எண்ணிப் பழகவில்லை என்பதால், சமூக அறிவியல் ஆசிரியரிடம் சொல் நிலைக் குழுவை ஒப்படைக்கும்போது முதல் இரண்டு வாரங்கள் தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒருவரை உடன் இருக்கச் செய்ய வேண்டும். தொடக்க வகுப்பு ஆசிரியரின் திறமை பள்ளிக்குள் மதிக்கப்படுவதற்கும் இது ஒரு வாய்ப்பு.

குழுக்களுக்கு எண்ணோ, தரத்தைச் சுட்டும் பெயரோ வேண்டாம். பதின்மூன்று வயதுச் சிறுவரைச் ‘சொல் நிலை’ என்று எல்லோர் முன்னும் அழைத்தால் அவர் மறுநாள் வருவது ஐயம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்

சொல் நிலைக் குழுவுக்கு ஒரு மாதிரி: முதல் பத்து நிமிடம் ஆசிரியர் ஒரு சிறு கதையைச் சொல்லி, குழந்தைகளைப் பேச வைக்கலாம். அடுத்த பதினைந்து நிமிடம் அன்றைய எழுத்து வரிசைக்குரிய அட்டைகளைக் கொண்டு சொற்களை ஆக்குதல். அடுத்த இருபது நிமிடம் இருவர் இருவராக அமர்ந்து ஒரு பத்தியை விரல் வைத்து வாசித்தல். ஆசிரியர் சுற்றிவந்து நாளொன்றுக்கு ஐந்து குழந்தைகளின் வாசிப்பையாவது காதால் கேட்க வேண்டும். எஞ்சிய நேரம் தாமாக இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதுதல். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இதில் சேராது. அழகான கையெழுத்தில் குறிப்பேட்டை நிரப்பிவிட்டு, எழுதியதை வாசிக்கத் தெரியாத குழந்தைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

கதை நிலையை எட்டியவர்களை மறந்துவிடும் ஆபத்தும் உண்டு. அவர்களுக்கு நூலகப் புத்தகங்கள், பாடநூலின் அறிவியல், வரலாற்றுப் பகுதிகளை வாசித்துத் தம் சொற்களில் சுருக்குதல், இதழ் வாசிப்பு என்று வேலை வேண்டும். பள்ளிக் கல்வித்துறை வெளியிடும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தால் அவற்றை எடுத்துக் கொடுக்க இதுவே நேரம்.

பாட வகுப்புகளில் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு, சென்ற வாரத்திலிருந்து ஒன்று, சென்ற மாதத்திலிருந்து ஒன்று என நான்கு சிறு வினாக்களுக்கு மாணவர்கள் விடை எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, விடையைத் தாமே சரிபார்த்துக்கொள்வார்கள். படித்ததை மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வதே நீண்ட காலம் நிலைக்கும் என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதைவிட மேலானது என்பதும் உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டவை. செலவே இல்லாத முறை என்பதாலோ என்னவோ, இதற்குப் பயிற்சி வகுப்புகளில் அதிக இடம் கிடைப்பதில்லை.

படி 5: வளங்களைத் தேர்தல்

2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் தகவல் குறியீடுகள் (QR) அச்சிடப்பட்டுள்ளன. அவை திக்சா (DIKSHA) என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களுக்கு இட்டுச் செல்கின்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் பாடக் காணொளிகளைத் தரும் மணற்கேணி செயலியும் வந்தன. ஒரு காணொளியை வகுப்பில் காட்டலாமா என்பதை முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும். கையால் செய்தோ நேரில் பார்த்தோ அறிய முடியாத ஒன்றை அது காட்டுகிறதா? பத்து நிமிடத்துக்குள் முடிகிறதா? நடுவில் நிறுத்தி மாணவர்களிடம் கேட்பதற்கு ஆசிரியர் வினாக்களைத் தயாரித்து வைத்திருக்கிறாரா? இதயம் இரத்தத்தை உந்தும் விதத்துக்குக் காணொளி உதவும். விதை முளைப்பதற்கு ஈரத்துணியும் பச்சைப்பயறும் இருக்க, திரை எதற்கு?

படி 6: பள்ளியின் எழுதப்பட்ட கொள்கை

இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஓர் ஆவணம் வேண்டும். நீண்ட ஆவணத்தை ஆய்வு அலுவலர்கூட முழுவதும் வாசிப்பதில்லை. அதில் நான்கு செய்திகள் இடம்பெற்றால் போதும்.

வீட்டுப்பாடம்: தொடக்க வகுப்புகளில் வாசிப்பு மட்டும், வீட்டில் யாருடைய உதவியும் இன்றிக் குழந்தை தானே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பெற்றோர் இருவரும் நூறு நாள் வேலைக்கோ பின்னலாடை ஆலைக்கோ சென்று திரும்பும் வீட்டில், அட்டைப் படம் ஒட்டும் ‘செயல்திட்டம்’ கடையில் காசு கொடுத்து வாங்கப்படுகிறது.

திருத்தம்: குறிப்பேட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் வட்டமிடுவதைவிட, ஒரே ஒரு பிழை வகையைச் சுட்டி, மறுநாள் அதைத் திருத்த ஐந்து நிமிடம் கொடுப்பது மேல். மாணவர் திரும்பிப் பார்க்காத திருத்தம் ஆசிரியரின் உழைப்பை மட்டுமே காட்டும்.

வருகை: தொடர்ந்து இரண்டு நாள் வராத குழந்தையின் வீட்டுக்கு அன்று மாலைக்குள் அழைப்பு, மூன்றாம் நாள் நேரில் ஒருவர். யார் அழைப்பது, யார் செல்வது என்பதைப் பெயரோடு எழுத வேண்டும். அறுவடை, ஊர்த் திருவிழா, செங்கல் சூளைக்குக் குடிபெயர்தல் என்று வருகை எப்போது சரியும் என்பது ஒவ்வோர் ஊருக்கும் தெரியும். அந்த வாரங்களை நாள்காட்டியில் முன்பே குறித்துவிடலாம்.

நடத்தை: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ‘உனக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்ற சொல்லும் இதில் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதிவைப்பது தேவை.

படி 7: ஆசிரியர்கள் ஒன்றுகூடும் நாற்பது நிமிடம்

வாரம் ஒரு முறை, சுற்றறிக்கைகளும் எமிஸ் (கல்வித்துறையின் இணையத் தகவல் தளம்) பதிவுகளும் பேசப்படாத ஒரு கூட்டம். ஒருவர் தம் குழுவிலிருந்து மூன்று குழந்தைகளின் எழுத்தைக் கொண்டுவருவார். எல்லோரும் பிழையைப் பார்த்து, வரும் வாரம் என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். தலைமையாசிரியர் நாளொன்றுக்கு ஒரு வகுப்பிலாவது பதினைந்து நிமிடம் பின்வரிசையில் அமர வேண்டும். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன் ஆசிரியரிடம் நேரில் சொல்வது மரியாதை மட்டுமல்ல. எழுத்தில் வந்த குறிப்பு விளக்கம் கேட்கும் ஓலையாகவே படிக்கப்படும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் வரும் நாளில், பதிவேடுகளை அடுக்கி வைத்துக் காட்டுவதற்கு மாறாக, மிகவும் தடுமாறும் குழுவை அவரிடமே ஒரு வேளை நடத்தச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

படி 8: மேலாண்மைக் குழுவும் பெற்றோரும்

மாதக் கூட்டத்தில் சுற்றுச்சுவரும் கழிப்பறைக் கதவும் பேசப்படத்தான் வேண்டும். அவற்றுக்கு முன், முதல் பொருளாகக் கற்றல் நிலை வைக்கப்பட வேண்டும். சதவீதங்களால் பயனில்லை, ஜூன் மாதத்தில் எந்த நிலையில் எத்தனை குழந்தைகள், இப்போது எத்தனை குழந்தைகள் என்ற ஒரே அட்டவணை போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தம் குழந்தையின் முன்னேற்றத்தை அறிய வழி உண்டு: கூட்டத்துக்கு வந்தவரின் முன் குழந்தை ஒரு பத்தியை வாசித்துக் காட்டட்டும். அதற்குமுன் குழந்தையின் இசைவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுமாறுவோரை மேடையேற்றக் கூடாது.

மாலை நேரத்தில் குழந்தைகளின் வீட்டருகே கற்பிப்பதற்காக 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர்கள் ஊரில் இருப்பார்கள். ஆசிரியர் ஒருவர் விடுப்பில் செல்லும் நாளில் குழு கலைந்துபோகாமல் காக்க, மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு அவர்களை அழைக்கலாம்.

படி 9: காலாண்டு, அரையாண்டு, ஏப்ரல்

காலாண்டுத் தேர்வுக்குப் பின்னும் அரையாண்டுத் தேர்வுக்குப் பின்னும் ஜூன் மாதச் சோதனையை, வேறு பத்திகளைக் கொண்டு, அதே முறையில் மீண்டும் நடத்திக் குழுக்களை மாற்றியமைக்க வேண்டும். இடையிலும் மாதந்தோறும் தயாரானவர்கள் மேல் குழுவுக்குச் செல்லலாம். காலாண்டு வரை அசையாத குழந்தைகள் சிலர் இருப்பார்கள். அவர்களை அதே குழுவில் அதே முறையில் தொடரச் செய்வது பயன் தராது. முதலில் கண், காது பரிசோதனை, பிறகு வருகைப் பதிவேடு, பிறகு வீட்டு மொழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். திருப்பூர், காஞ்சிபுரம் போன்ற தொழில் மாவட்டங்களில் இந்தியோ ஒடியாவோ பேசும் குழந்தைகளுக்கு வாசிப்புக்கு முன் பேச்சுத் தமிழ் வேண்டும். கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்ப வேண்டும். பள்ளி தானே முத்திரை குத்தக் கூடாது.

ஏப்ரலில் இறுதிச் சோதனை முடிந்ததும், ஒவ்வொரு குழந்தைக்கும் அரைப் பக்கத்தில் நிலை, பிழை வகை, பயன் தந்த முறை ஆகிய மூன்றையும் எழுதி அடுத்த வகுப்பாசிரியரிடம் கையளிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்துச் செல்வோரின் குறிப்புகளை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் சேர்ப்பது முறை. மாற்றுச் சான்றிதழில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால், ஜூன் முதல் வாரத்தில் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரோடு ஒரு சந்திப்பை இப்போதே உறுதி செய்துகொள்ளலாம்.